இல்லாத தூண்

கலைமதியிடம் போய் “இது தப்பு” என்று சொல்லிவிட்டு முகம் தொங்காமல் திரும்பியவர்கள் காரிமங்கலத்தில் ரொம்பக் குறைவு. அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் முதலாளியே அவளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பார். பஸ்ஸில் மேலே சாய்கிறவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான், அது அவன் ஊராக இல்லாவிட்டாலும். அவளுக்கு வாய் பாதி, கை பாதி. கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கிய பெண் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அதை அவளும் மறந்ததில்லை, ஊரையும் மறக்க விட்டதில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சேலத்திலிருந்து வாரம் ஒரு முறை வந்து போனவர். அவள் இடுப்பில் கறுப்பு பெல்ட்டைக் கட்டிவிட்ட கையோடு துபாயில் செக்யூரிட்டி வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் செய்வதைப் பார்க்க ஆள் இல்லை. சந்தை கூடாத நாட்களில் சந்தைக் கொட்டகையில் தனியாகவே பழகினாள், வருடக்கணக்காக. யாரும் திருத்தவில்லை என்பதால் திருத்த ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவள் இடத்தில் யார் இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

பிறகு மெத்தைக் கடை சலாவுதீன் தன் வீட்டு மொட்டை மாடியை மாலை நேரத்துக்கு விட்டுக்கொடுத்தார். அவர் மகள் ஆஷிகாதான் முதல் மாணவி. ஒன்று இரண்டாகி, இப்போது மாடி நிறையப் பெண்கள். ஆஷிகா பிளஸ் டூ படிக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கலைமதி சத்தம் போட்டுப் பிடிக்கும் அடத்தை அவள் சத்தமே இல்லாமல் பிடிப்பாள். இருவரையும் பார்த்த ஆஷிகாவின் அம்மா ஹாஜிரா, “ஒண்ணு பட்டாசு, ஒண்ணு ஊமைக் குசும்பு. என் வூட்டு மாடி எப்ப இடியுமோ தெரியல” என்பார்.

ஆஷிகாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும், முதுகில் தருமபுரி என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு. பதினேழு வயது வரையிலான பிரிவில் மாவட்டத்திலிருந்து கட்டா போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். கட்டா என்பது, எதிரில் ஆள் இல்லாமலே இருப்பதாக வைத்துக்கொண்டு அடியையும் தடுப்பையும் வரிசையாகச் செய்து காட்டுவது. எந்த அடி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதான். போன வருடம் தேர்வு நாளில் ஆஷிகா டெங்கு காய்ச்சலில் படுத்திருந்தாள். இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் பெரியவர்கள் பிரிவில், கல்லூரி முடித்தவர்களோடும் போலீசில் இருப்பவர்களோடும் மோத வேண்டும்.

தேர்வு தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை ஓரம் தள்ளி நடுவில் மேட் விரித்திருந்தார்கள். மேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. தலைமை நடுவர் மாதேஸ்வரன் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நடுவர்கள். இருவர் மோதும்போது ஒருவருக்குச் சிவப்பு பெல்ட், ஒருவருக்கு நீலம். முடிந்ததும் ஐந்து பேரும் ஏதாவது ஒரு நிறக் கொடியைத் தூக்குவார்கள்.

காலையில் எல்லாம் நன்றாகவே போனது. தனிப் பிரிவில் ஆஷிகா இரண்டு சுற்று ஜெயித்து மதியம் நடக்கும் இறுதிக்கு வந்துவிட்டாள். எதிரில், டவுனில் பெரிய அகாடமி நடத்தும் நவநீதனின் மாணவி. தனிப் பிரிவில் ஒரு முறை செய்த கட்டாவை மறுபடி செய்யக் கூடாது என்பது விதி. ஆஷிகாவின் கைவசம் இருந்தது மூன்று. இரண்டு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பெரிய கட்டா, கலைமதிக்கு மிகவும் பிடித்தது. அதைப் போட்டிக்குக் கொண்டுவருவது இதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுக்கு முன்னால் குழுப் பிரிவு வந்தது. ஆஷிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து அதே பெரிய கட்டாவை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். மேட் மேல் மூவரும் முக்கோணமாக நின்றார்கள். ஆரம்பம் அருமை. மூன்று கையும் ஒரே நொடியில் வெட்டியது, மூன்று குரலும் ஒன்றாக எழும்பியது. கலைமதி ஓரத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

நேர்கோட்டில் முன்னால் வந்து வரிசையாகக் குத்த வேண்டிய இடம் வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் மூன்று பெண்களும் தோளை ஒடுக்கிக்கொண்டு வலது பக்கம் ஒதுங்கினார்கள். நாலாவது அடியில் பழைய கோட்டுக்கே திரும்பி வந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒதுங்கியிருந்தால் கால் இடறியது என்று விட்டிருப்பார்கள். மூவரும் ஒரே அளவில் ஒதுங்கி, ஒரே அளவில் திரும்பினார்கள்.

மாடி வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான். “யாருக்குடா வழி விடறாங்க?”

மண்டபமே சிரித்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நடுவர் ஒருவர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்து கொடியும், முதலில் ஆடிய எதிரணியின் நிறமான நீலமாகவே எழுந்தன.

கலைமதி செருப்பைக்கூடப் போடாமல் மேடை ஏறினாள்.

“என்ன சார் சிரிப்பு? எம் பொண்ணுங்க என்ன காமெடி பண்ணவா வந்தாங்க?”

மாதேஸ்வரன் நிதானமானவர். “கோவப்படாதீங்கம்மா. மூணாவது அடியில எதுக்கு வலது பக்கம் ஒதுங்கறாங்க?”

“யாரும் ஒதுங்கல.”

“மூணு பேரும் ஒதுங்குனாங்க. அஞ்சு பேரு பாத்தோம்.”

“அப்படின்னா அது எங்க ஸ்டைலுங்க சார். எங்க மாஸ்டர் சொல்லிக்குடுத்தது. தருமபுரி டவுன்ல இல்லாததெல்லாம் தப்பாயிடுமா? காரிமங்கலத்துல இருந்து வந்தா உங்களுக்கு இளப்பமா?”

ஒதுங்கவே இல்லை என்ற வாய்தான் அடுத்த மூச்சில் அதை ஸ்டைல் என்றது. அவள் இருந்த கோபத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை. மாதேஸ்வரன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, “இறங்குங்கம்மா, அடுத்த டீம் நிக்குது” என்றார்.

படியில் நவநீதன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட டிராக் சூட், கழுத்தில் விசில். “மேடம், இவ்ளோ நல்ல ஸ்டைலுக்கு ஒரு பேரு வெச்சிருங்க. காரிமங்கலம் வளைவுன்னு வெச்சா நல்லா இருக்கும்.” அவன் பின்னால் நின்ற பையன்கள் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போகிறவன் ஒவ்வொருவனும் காலி இடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல ஒதுங்கி ஒதுங்கி நடந்தான்.

“உங்க பசங்களுக்கு நேரா நடக்கத் தெரியும்ல? நேராப் போயித் திங்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள் கலைமதி. காது இரண்டும் சுட்டது.

ஆஷிகா சுவரோரம் நின்றிருந்தாள். கூட ஆடிய இரண்டு பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, நெசமாவே ஒதுங்கறமா?”

“இல்ல. அவனுங்க கண்ணு கோணல். நீ ஒண்ணத்தையும் மாத்தாத.”

“ஃபைனல்ல அதே கட்டாதான் பண்ணணும் அக்கா. வேற இல்ல.”

“அதான் சொல்றேன், மாத்தாத. நம்பிக்கை இல்லையா? வா, நான் பண்ணிக் காட்டறேன்.”

சாப்பாட்டு ஹாலில் பந்தி மேசைகள் நிறைய ஆட்கள். அதன் பின்னால், கை கழுவும் இடத்துக்குப் போகிற நடை ஒன்று இருந்தது. தரையில் வெள்ளை டைல்ஸ், நடுவில் கறுப்பாக ஒரு கோடு. கோட்டின் கடைசியில் சுவரையொட்டி நீளமான கை கழுவும் தொட்டி. “இந்தக் கோட்டு மேல வர்றேன். என் காலு கோட்ட விட்டு நகருதான்னு நீயே பாரு” என்றாள்.

செய்தாள். கோபத்தில் செய்ததால் குத்து காற்றைக் கிழித்தது. மூன்றாவது அடியில் நின்று, “என்ன?” என்று கேட்டாள். ஆஷிகா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமதியும் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கோடு ஒரு பக்கம் இருந்தது, அவள் கால் ஒரு சாண் தள்ளி வலது பக்கம் இருந்தது.

“தரை வழுக்குது” என்றாள். போய் மறுபடி வந்தாள். மறுபடியும் ஒரு சாண். இந்த முறை தரையைக் குறை சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கண் மூடியிருந்தபோதுதான் அது பிடிபட்டது. மூன்றாவது அடிக்குக் கால் எழும்போது அவளுடைய இடது தோள் தானாக ஒடுங்கியது. எதன் மேலோ உரசிவிடக் கூடாது என்று ஒடுங்கியது. எதன் மேல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

சந்தைக் கொட்டகையின் சிமென்ட் தூண். ஆடு கட்டிக் கட்டி அடியில் தேய்ந்து, மேலே வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பியிருக்கும் தூண். அவள் பழகிய கோட்டில் அது குறுக்கே நின்றது. முதலில் ஒரு நாள் முழங்கையை நன்றாக இடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒதுங்கிப் போனாள். கொஞ்ச நாளில் ஒதுங்குகிறோம் என்பதே மறந்துபோனது. சலாவுதீன் வீட்டு மொட்டை மாடியில் தூண் எதுவும் கிடையாது. ஆனால் அவள் காலில் இருந்தது. அவள் காலைப் பார்த்துப் பழகிய அத்தனை பெண்கள் காலிலும் போய் நின்றுவிட்டது.

கலைமதி தொட்டிக்கு அடியில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவமானமாக இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து யார் முகத்திலும் விழிக்காமல் ஊருக்குப் போய்விட வேண்டும்போல இருந்தது. மேடை ஏறிக் கத்தியது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது.

“சந்தைத் தூணு ஆஷிகா” என்றாள். ஆஷிகாவுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆஷிகா சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோனது. “மாடியில நான் ஒரு நாள் கேட்டேன் அக்கா. வீடியோல எல்லாம் நேராப் போறாங்களே, நாம ஏன் இப்படிப் போறோம்னு. போனைப் பாத்துக் கத்துக்கறதா இருந்தா எங்கிட்ட எதுக்கு வர்றேன்னு எல்லார் முன்னாடியும் திட்டுனீங்க. அப்பவே பாத்திருந்தா மூணு மாசம் இருந்துச்சு.”

கலைமதி ஈரத் தரையிலிருந்தே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “என் தப்பு. திமிரு. ஆனா உக்காந்து அழுவ இப்ப நேரம் இல்ல. எந்திரி.”

“நீங்கதான் உக்காந்திருக்கீங்க.”

கலைமதி எழுந்தாள். வாயால் சொல்லிப் பார்த்தாள். கோட்டில் வா, தோளை ஒடுக்காதே, இடுப்பை நேராகப் பிடி. ஆஷிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், மூன்றாவது அடியில் ஒதுங்கினாள். மெதுவாகச் செய்தால் நேராக வந்தது. வேகம் கூடினால் ஒதுங்கியது. உடம்பு பழகியதைக் காது வழியாக எடுக்க முடியாது என்று கலைமதிக்குத் தெரியும். பழகிய வழியிலேயேதான் எடுக்க வேண்டும்.

கோட்டுக்கு வலது பக்கம், ஆஷிகா ஒதுங்கி வந்து விழும் இடத்தில், அவளைப் பார்த்து நின்றாள்.

“தூணு அந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப நான் இந்தப் பக்கம் தூணு. நேரா வந்தீன்னா உன் கை என்னத் தாண்டிப் போயிடும். ஒதுங்குனா எம்மேல விழும்.”

“அக்கா, அடிபட்டுடும்.”

“படட்டும். எம்மேல படக்கூடாதுன்னு கையை இழுத்தீன்னா அது வேற ஒரு கெட்ட பழக்கம் ஆயிடும். முழுசா அடி.”

முதல் குத்து வலது விலாவில் இறங்கியது. கலைமதிக்கு மூச்சு ஒரு நொடி நின்று வந்தது. அந்த நேரத்திலும், நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதை அப்படியே அமுக்கினாள். “போ, முதல்ல இருந்து வா” என்றாள். இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. அதற்கடுத்ததும். டிபன் பாக்ஸ் கழுவ வந்த அம்மாக்கள் கழுவாமல் நின்றார்கள். சற்று முன் ஒதுங்கி ஒதுங்கி நடந்த பையன்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள், ஆனால் இப்போது யாரும் நடந்து காட்டவில்லை.

நவநீதன் கை கழுவ வந்தான். கையில் சோற்றுப் பருக்கையோடு நின்றுவிட்டான். “என்ன மேடம் இது?”

“என் தப்பு அவ கால்ல இருக்குது. எம்மேலயே அடிச்சு எடுக்கறேன். கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க, வழி வேணும்.”

அவன் கையைக் கழுவிக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் ஆஷிகா மூன்றாவது அடியில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தாள். விழுந்த குத்துகள் மெல்ல உரசலாக மாறின. கடைசியில் ஒரு குத்து கலைமதியின் சட்டையைக்கூடத் தொடாமல் விலாவோரம் காற்றாகப் போனது. அடுத்ததும் அப்படியே. ஆஷிகாவின் கால் கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது.

வெளியே ஹாஜிரா தக்காளி சாதத்தோடு காத்திருந்தார். “என்ன கலை, விலாவப் புடிச்சிக்கிட்டு வர்ற?”

“ஒண்ணும் இல்லீங்க்கா. உங்க பொண்ணு நல்லா அடிக்கறா.”

“வூட்ல ஒரு கொசு அடிக்கமாட்டா” என்றார் ஹாஜிரா.

இறுதிச் சுற்றுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் கலைமதி மறுபடி மேடை ஏறினாள். இந்த முறை நடுவர்கள் எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாதேஸ்வரன் தண்ணீர் பாட்டிலை முன்கூட்டியே நகர்த்திவிட்டார்.

“சார், காலையில நான் போட்ட சத்தம் தப்பு. பொண்ணுங்க ஒதுங்குனது நெசம். அது ஸ்டைலும் இல்ல, எங்க மாஸ்டர் சொல்லிக்குடுத்ததும் இல்ல. நானா பழகுன தப்பு. மன்னிச்சிடுங்க.” குனிந்து வணங்கினாள். குனிந்தபோது விலா வலித்தது. நிமிர்ந்து, “ஆனா ஃபைனல்ல ஆஷிகா நேரா வருவா. நேரா வந்தும் கொடி சாஞ்சுச்சுன்னா மறுபடி வந்து சத்தம் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்” என்றாள்.

மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிம்மா. போயி உக்காருங்க.”

நவநீதனின் மாணவி நீல பெல்ட்டில் முதலில் வந்தாள். சுத்தமாகச் செய்தாள். குறை சொல்லக் கலைமதி எவ்வளவோ தேடினாள், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அடுத்து சிவப்பு பெல்ட்டில் ஆஷிகா. மேட் நடுவில் நின்று கட்டாவின் பெயரைச் சொன்னதும் மாடி வரிசையில் இரண்டு பேர் கனைத்தார்கள். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

ஆரம்பத்திலிருந்தே அவளிடம் ஒரு கோபம் இருந்தது. அது யார் மேல் என்று கலைமதிக்குத் தெரியும். அந்தக் கோபம் குத்துக்கு நன்றாகவே இருந்தது. நேர்கோடு வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது அடி கத்தி வெட்டியதுபோல நேராக வந்து விழுந்தது. கலைமதி தன்னையறியாமல் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

நாலாவது அடியில் ஆஷிகா இடது பக்கம் ஒரு சாண் நகர்ந்தாள்.

ஒதுங்கிய உடம்பு கோட்டுக்குத் திரும்பி வரப் பழகியிருந்தது. இன்று ஒதுங்கவில்லை, ஆனால் திரும்பி மட்டும் வந்துவிட்டது. சாப்பாட்டு ஹால் பின்னால் இருந்த நடையில் மூன்றாவது அடியோடு நின்றிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும். அதற்கு மேல் போக இடமில்லை, கை கழுவும் தொட்டி நின்றது. நாலாவது அடியை அவர்கள் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. தூணை எடுக்கப் போய், தொட்டியை மறந்துவிட்டாள்.

ஆஷிகாவுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தடுமாறவில்லை, தலையைக் குனியவில்லை. மிச்சத்தை இன்னும் வேகமாகச் செய்தாள். கடைசிக் குரலில் மேடைப் பூ அலங்காரமே அதிர்ந்தது. மாடி வரிசையில் யாரும் கனைக்கவில்லை.

விசில் ஊதியது. மூன்று நீலம், இரண்டு சிவப்பு.

மண்டபம் கலைமதியைத் திரும்பிப் பார்த்தது. நவநீதனின் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாதேஸ்வரனும் அவளைத்தான் பார்த்தார். காலையில் அவள் போட்ட சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கலைமதிக்கு அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, அந்தப் பயத்திலேயே இன்னும் கோபம் வந்தது.

“தீர்ப்பு சரிங்க சார்!” என்று கத்தினாள், காலையில் கத்தியதைவிடச் சத்தமாக. “நாலாவது அடி தப்பு! அதுவும் என் தப்பு! பொண்ணு நான் சொல்லிக்குடுத்ததத்தான் பண்ணுனா! ரெண்டு செவப்பு காட்டுனீங்களே, அதுவும் சரி!”

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரோ ஒருவர் கை தட்டினார். கலைமதி அந்தப் பக்கம் முறைத்தாள், தட்டியவர் நிறுத்திவிட்டார்.

ஆஷிகா எதிராளிக்கு வணங்கி, நடுவர்களுக்கு வணங்கி, அம்மாவைக்கூடத் தாண்டி நேராகச் சாப்பாட்டு ஹாலுக்குள் போனாள். பந்தி முடிந்து ஹால் காலியாக இருந்தது. கலைமதி பின்னாலேயே போனாள். ஆஷிகா ஒரு மேசையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கவில்லை.

“தொட்டிய மறந்துட்டேன்” என்றாள் கலைமதி. “மூணாவது அடி நேரா வந்ததும் வேலை முடிஞ்சிதுன்னு நெனச்சிட்டேன். மறுபடியும் அதே திமிரு. உனக்கு அந்தச் சட்டை இந்த வருசம் இல்லாம போனது என்னாலதான்.”

ஆஷிகா இல்லை என்று சொல்லவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. “ஆமா, உங்களாலதான்” என்றாள். பிறகு, “அடுத்த வருசம் பெரியவங்க பிரிவுல வர்றேன்” என்றாள்.

“அங்க எல்லாம் மலை மாதிரி நிப்பாங்க ஆஷிகா. போலீஸ்ல இருக்கறவங்க வருவாங்க.”

“வரட்டும்.”

கலைமதி அவளையே பார்த்தாள். “வேற மாஸ்டர் வேணும்னா சொல்லு. நவநீதன் சாரு நல்லாச் சொல்லிக்குடுக்கறாரு. அந்தப் பொண்ணு சுத்தமாப் பண்ணுனா. நானே உன்னக் கூட்டிக்கிட்டுப் போயிச் சேத்து விடறேன்.” இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆஷிகா மேசையிலிருந்து இறங்கினாள். “அவரு எனக்காக அடி வாங்குவாரா?” என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். “அந்தப் பக்கம் புடிங்க.”

“எதுக்கு?”

“இந்த ஹாலு நீளமா இருக்குது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது.”

இருவரும் மேசைகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளினார்கள். தள்ளும் சத்தம் கேட்டு ஹாஜிரா உள்ளே வந்தார். தோற்றுப்போன மகளைத் தேற்றலாம் என்று வந்தவர், ஒன்றும் கேட்காமல் நாலு நாற்காலிகளை எடுத்து ஓரமாக அடுக்கினார். காலையில் அழுத பெண்ணும் மற்றவளும் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களையும் உள்ளே வரச் சொன்னாள் ஆஷிகா. ஹாலின் ஒரு கோடியில் போய் நின்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

கலைமதி பழையபடி, அவள் வரும் கோட்டின் வலது பக்கம் போய் நிற்கப் போனாள்.

“அங்க இல்லீங்க அக்கா” என்றாள் ஆஷிகா. “இப்ப நாலாவது அடியில இடது பக்கம் போறேன். அந்தப் பக்கம் வந்து நில்லுங்க.”

கலைமதி வலது விலாவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். கோட்டைத் தாண்டி, அடி படாத பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.